பெருந்தொற்றுக்குப் பிறகு நாடுகளின் பலம் மாறியதா? எதை வைத்து அளப்பது?

திண்ணைவாசி கேட்டது:

நண்பர்களே, 2020 பெருந்தொற்று உலகப் பொருளாதாரத்தையும் நாடுகளுக்கிடையே உள்ள பலத்தையும் எப்படி மாற்றியது என்று மாணவர்களுக்கு ஒரு வகுப்புக் குறிப்பு தயாரிக்கிறேன். படிக்கிற கட்டுரைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சீனா முந்திவிட்டது என்கிறது ஒன்று. டாலரின் பிடி இறுகியது என்கிறது இன்னொன்று. உலகமயமாக்கலே முடிந்தது என்கிறது மூன்றாவது.

என் சந்தேகங்கள்: எந்தப் புள்ளிவிவரத்தை நம்பி ஒப்பிடலாம்? பலம் கைமாறியது என்றால் எந்த வழியாக? 14ஆம் நூற்றாண்டின் கறுப்பு மரணத்தை (பிளேக் நோய்) பலர் உதாரணம் காட்டுகிறார்களே, அது இதற்குப் பொருந்துமா? பொதுவான கருத்து வேண்டாம். மாணவர்கள் தாங்களே கணக்குப் போட்டுச் சரிபார்க்கும்படி சொன்னால் நன்றி.

---

எண்கணக்கர்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்ற எல்லா வாதங்களும் இதில்தான் சறுக்குகின்றன.

2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டை எடுங்கள். அமெரிக்காவின் முதல் மதிப்பீடு 32.9 சதவீத வீழ்ச்சி. இந்தியாவின் முதல் மதிப்பீடு 23.9 சதவீத வீழ்ச்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்து அமெரிக்காவுக்குத்தான் அடி அதிகம் என்று அப்போது பலர் எழுதினார்கள். ஆனால் இவை வேறு வேறு அளவுகோல்கள். அமெரிக்கா காலாண்டு மாற்றத்தை ஆண்டுக் கணக்காகப் பெருக்கிச் சொல்லும். அதாவது, இதே வேகத்தில் நான்கு காலாண்டு விழுந்தால் எவ்வளவு என்ற கணக்கு. அந்தக் காலாண்டில் நிஜமாக விழுந்தது 9.5 சதவீதம். கால்குலேட்டரில் 0.905 × 0.905 × 0.905 × 0.905 போட்டால் 0.671 வரும். 1இலிருந்து கழித்தால் 32.9 சதவீதம். இந்தியா சொல்வது முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பீடு. அந்த முறையில் அமெரிக்காவின் வீழ்ச்சியும் ஏறத்தாழ 9.5தான். ஒரே அளவுகோலில் வைத்தால் முடிவு தலைகீழாகிறது.

அடுத்தது அடிப்படை விளைவு. இந்தியாவின் அந்த வீழ்ச்சி பிறகு 24.4 சதவீதமாகத் திருத்தப்பட்டது. 2021இன் அதே காலாண்டில் வளர்ச்சி 20.1 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. 2019ஐ 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் 75.6. அதன் மீது 20.1 சதவீதம் கூட்டினால் 90.8. "20 சதவீத வளர்ச்சி" என்று தலைப்பு வந்த நேரத்தில் பொருளாதாரம் இரண்டு ஆண்டுக்கு முந்தைய நிலைக்கும் 9 சதவீதம் கீழே இருந்தது. எந்த நாட்டை எடுத்தாலும் 2019இன் அதே காலாண்டை 100 ஆக்கிவிட்டுப் பேசுங்கள், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

கூலியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் சராசரி மணிக்கூலி ஒரே மாதத்தில் 4.7 சதவீதம் ஏறியது. யாருக்கும் சம்பளம் கூட்டியதால் வந்த ஏற்றம் இல்லை அது. அந்த மாதத்தில் வேலை இழந்த 2 கோடிப் பேரில் ஏறத்தாழப் பாதி உணவகம், விடுதி, கடை ஊழியர்கள். கீழ்த்தட்டுச் சம்பளம் கணக்கிலிருந்தே வெளியேறியதால் மிச்சமிருந்தவர்களின் சராசரி உயர்ந்தது. வேலையின்மை விகிதம் 14.7 என்று வந்ததும் குறைவான கணக்குதான். தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட பலரைக் கணக்கெடுப்பாளர்கள் "வேறு காரணத்தால் பணிக்கு வராதவர்" என்று பதிவு செய்துவிட்டதாக அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையே அப்போது குறிப்பு எழுதியது.

நாடுகளை ஒப்பிட நல்ல வழி ஒன்று: சர்வதேச நாணய நிதியத்தின் 2019 அக்டோபர் உலகப் பொருளாதாரக் கணிப்புத் தரவுத்தளத்தை எடுங்கள். 2020 ஜனவரிப் பதிப்பு வேண்டாம், அதில் பெரிய நாடுகள் மட்டும்தான் இருக்கும். அக்டோபர் பதிப்பில் ஒவ்வொரு நாட்டுக்கும் அடுத்த ஐந்தாண்டுக் கணிப்பு உண்டு. நோய் வராமல் இருந்திருந்தால் பாதை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. அந்தக் கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் தேடும் எண். உலகம் முழுமைக்கும் 2020இல் 3.4 சதவீத வளர்ச்சி என்று அதில் இருந்தது. நடந்தது சுமார் 3 சதவீதச் சுருக்கம்.

சாவு எண்ணிக்கையை வைத்து எந்த நாட்டு நிர்வாகம் சிறந்தது என்று எழுதுவதாக இருந்தால், அறிவிக்கப்பட்ட எண்ணைத் தொடாதீர்கள். 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்டது சுமார் 54 லட்சம். வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்த இறப்புகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது 1 கோடியே 49 லட்சம்.

---

கடன்சீட்டு:

எண்கணக்கர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். "சீனா முந்தியது" என்ற பேச்சு எந்த ஆண்டில் நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2020இல் பெரிய பொருளாதாரங்களில் வளர்ந்தது அது ஒன்றுதான், சுமார் 2 சதவீதம். 2021இல் நடப்பு டாலர் மதிப்பில் சீனாவின் ஜிடிபி அமெரிக்காவினுடையதில் முக்கால் பங்கு. 2023இல் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அமெரிக்காவின் பணவீக்கம், யுவான் மதிப்பிறக்கம், சீன வீட்டுமனைச் சரிவு மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. வாங்குதிறன் சமநிலையில் (நாட்டுக்கு நாடு உள்ள விலை வித்தியாசத்தைச் சரிசெய்து) கணக்கிட்டால் இந்த இறக்கம் தெரியாது, அதில் சீனா பெருந்தொற்றுக்கு முன்பே முதலிடம். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் யார் பேசினாலும் நம்பாதீர்கள்.

என் கருத்து இது. அதிகாரம் எங்கே குவிந்திருந்தது என்பதை 2020 மார்ச் மாதத்தின் மூன்று வாரங்கள் காட்டிவிட்டன. நாடுகள் பிறகு செய்ததெல்லாம் அங்கே பார்த்ததற்கு எதிர்வினை.

அந்த மூன்று வாரங்களில் நடந்தது: எல்லாரும் எல்லாவற்றையும் விற்று டாலராக்க ஓடினார்கள். வளரும் நாடுகளின் பங்கு, பத்திரச் சந்தைகளிலிருந்து ஒரே மாதத்தில் 8,000 கோடி டாலருக்கு மேல் வெளியேறியது. உலகிலேயே பத்திரமானது என்று கருதப்படும் அமெரிக்க அரசுக் கடன்பத்திரத்துக்கே வாங்க ஆளில்லை. மார்ச் 15 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் (ஃபெட்) வட்டியை 0–0.25 சதவீதத்துக்கு இறக்கியது. ஐந்து மத்திய வங்கிகளோடு (கனடா, இங்கிலாந்து, ஜப்பான், சுவிஸ், ஐரோப்பிய மத்திய வங்கி) நிரந்தரமாக இருந்த டாலர் பரிமாற்ற ஏற்பாட்டின் விலையையும் குறைத்தது. மார்ச் 19 அன்று இன்னும் ஒன்பது நாடுகளைச் சேர்த்தது: ஆஸ்திரேலியா, பிரேசில், டென்மார்க், தென்கொரியா, மெக்சிகோ, நார்வே, நியூசிலாந்து, சிங்கப்பூர், ஸ்வீடன்.

இந்த ஏற்பாடு வேலை செய்யும் விதத்தை மாணவர்களுக்குப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். தென்கொரிய மத்திய வங்கி தன் வொன்னை அன்றைய மாற்று விலையில் ஃபெடிடம் கொடுத்து டாலர் வாங்குகிறது. 7 நாளோ 84 நாளோ கழித்து அதே விலையில் டாலரைத் திருப்பிக் கொடுத்து வொன்னை மீட்கிறது, கூடவே கொஞ்சம் வட்டி. நடுவில் வொன் எவ்வளவு சரிந்தாலும் ஃபெடுக்கு நட்டமில்லை. தன் நாட்டு வங்கிகளுக்கு டாலர் கடன் கொடுக்கும் பொறுப்பும், அது திரும்பி வராத அபாயமும் கொரிய மத்திய வங்கியின் தலையில்தான். மே மாதக் கடைசியில் எல்லா நாடுகளுக்கும் சேர்த்து இப்படி வெளியே நின்ற தொகை சுமார் 45,000 கோடி டாலர்.

ஆக உலகம் மூன்று வரிசையாகப் பிரிந்தது. முதல் வரிசைக்குப் பரிமாற்ற ஏற்பாடு. இரண்டாம் வரிசையில், கையில் அமெரிக்கக் கடன்பத்திரம் வைத்திருந்தவர்கள் மார்ச் 31 அன்று அறிவித்த ஏற்பாட்டின் கீழ் அதை அடகு வைத்து டாலர் எடுக்கலாம். இரண்டும் இல்லாதவர்கள் சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் நின்றார்கள். யார் எந்த வரிசை என்பதைத் தீர்மானித்தது ஒரே ஒரு மத்திய வங்கி. இதைவிட வெளிப்படையாக நாணய அதிகாரம் தெரிந்த சந்தர்ப்பம் அரிது.

மூன்றாம் வரிசைக்குக் கிடைத்தது என்ன? ஜி20 நாடுகள் 2020 மேயிலிருந்து 2021 டிசம்பர் வரை ஏழை நாடுகளின் கடன் தவணையை ஒத்திவைத்தன. 73 நாடுகளுக்குத் தகுதி இருந்தது, சேர்ந்தவை 48, ஒத்திவைத்த தொகை 1,290 கோடி டாலர். கவனியுங்கள், தள்ளுபடி இல்லை, ஒத்திவைப்பு. தனியார் பத்திரதாரர்கள் சேரவே இல்லை. ஒத்திவைப்புக்குக் கை நீட்டினால் தங்கள் கடன் தரமதிப்பீடு இறங்கும் என்று பயந்து தகுதியிருந்தும் ஒதுங்கிய நாடுகள் உண்டு. பிறகு 2021 ஆகஸ்ட் 23 அன்று நாணய நிதியம் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள சிறப்பு எடுப்பு உரிமைகளை (தேவைப்பட்டால் டாலர் போன்ற நாணயமாக மாற்றிக்கொள்ளக்கூடிய கையிருப்பு) பங்கிட்டது. பங்கீடு நிதியத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ள பங்கு விகிதப்படி என்பதால் அமெரிக்காவுக்கு மட்டும் சுமார் 11,300 கோடி, மொத்த ஆப்பிரிக்காவுக்கும் சேர்த்து சுமார் 3,300 கோடி. தேவை அதிகம் இருந்த இடத்துக்குக் குறைவாகவும் தேவையே இல்லாத இடத்துக்கு அதிகமாகவும் போனது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். இந்த அநியாயம் வகுப்பில் பேசப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

2022 மார்ச்சில் ஃபெட் வட்டியை ஏற்றத் தொடங்கி 2023 ஜூலையில் 5.25–5.50 வரை கொண்டுபோனது. காரணம் உள்நாட்டுப் பணவீக்கம், 2022 ஜூனில் அது 9.1 சதவீதம். டாலரில் கடன் வாங்கிய நாடுகளின் மீது இரண்டாவது அடி விழுந்தது அப்போதுதான்.

---

துறைமுகம்:

கடன்சீட்டு பணத்தின் பக்கத்தைச் சொன்னார். பொருளின் பக்கம் இது.

2020 ஏப்ரலுக்குள் 80 நாடுகளும் சுங்கப் பிரதேசங்களும் முகக்கவசம், மருந்து, மருத்துவக் கருவி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியிருந்தன என்று உலக வர்த்தக நிறுவனம் கணக்கெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அதில் உண்டு. விதிப்படி இது தப்பும் இல்லை, கடும் பற்றாக்குறையில் தற்காலிகத் தடைக்கு காட் (GATT) என்ற உலக வர்த்தக ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவே இடம் தருகிறது. ஒப்பந்தக் காகிதம் நெருக்கடியில் பொருளாக மாறாது என்ற பயம் எல்லாத் தலைநகரங்களிலும் ஒரே நேரத்தில் குடியேறியது.

தடுப்பூசியில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். ஃபைசர் தடுப்பூசிக்கு 280 உட்பொருள்கள், 86 வழங்குநர்கள், 19 நாடுகள். காப்புரிமையை மட்டும் நீக்கினால் எல்லா நாடும் தயாரித்துவிடும் என்ற வாதம் இங்கேதான் இடிக்கிறது. தயாரிப்புக் கலனுக்குள் போடும் ஒருமுறைப் பயன்பாட்டுப் பைகள், வடிகட்டிகள், எம்ஆர்என்ஏ வகைக்குத் தேவையான கொழுப்புத் துகள்கள், இவற்றைச் செய்யும் நிறுவனங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அமெரிக்கா தன் பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தின் கீழ் உள்நாட்டு ஆர்டர்களுக்கு முன்னுரிமை கொடுத்தபோது மற்ற நாட்டுத் தொழிற்சாலைகள் பைக்கும் வடிகட்டிக்கும் காத்திருந்தன. அதற்காகக் காப்புரிமை தடையே இல்லை என்றும் ஆகிவிடாது. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபர் 2 அன்று உலக வர்த்தக நிறுவனத்தில் வைத்த காப்புரிமை விலக்குக் கோரிக்கைக்கு 2022 ஜூன் 17 அன்றுதான் முடிவு வந்தது, அதுவும் தடுப்பூசிக்கு மட்டும், பரிசோதனைக் கருவிக்கும் சிகிச்சை மருந்துக்கும் கிடையாது. அதற்குள் தடுப்பூசித் தட்டுப்பாடே தீர்ந்துவிட்டது.

ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்க அமைத்த சர்வதேசத் திட்டமான கோவாக்ஸ் 2021க்குள் 200 கோடி டோஸ் என்று இலக்கு வைத்தது, 100 கோடியைத் தொட்டதே 2022 ஜனவரியில்தான். பெரும்பகுதிக்கு இந்தியாவின் ஒரே உற்பத்தியாளரை நம்பியிருந்தார்கள். 2021 மார்ச் கடைசியில் இரண்டாம் அலை எழுந்து ஏற்றுமதி நின்றதும் ஆப்பிரிக்க நாடுகளில் முதல் டோஸ் போட்டவர்களுக்கு இரண்டாம் டோஸ் இல்லை. இன்னொரு காரணம் பணம் வந்த நேரம். பணக்கார நாடுகள் 2020 நடுவிலேயே முன்பணம் கட்டி வரிசையில் முன்னால் நின்றுவிட்டன.

சிப் தட்டுப்பாட்டைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். தொழிற்சாலை மூடியதால் வந்தது என்பது சிறுபகுதிதான் சரி. 2020 வசந்தத்தில் கார் நிறுவனங்கள் விற்பனை படுத்துவிடும் என்று சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. அந்த இடத்தை மடிக்கணினி, போன் தயாரிப்பாளர்கள் பிடித்தார்கள். ஆண்டுக் கடைசியில் கார் விற்பனை எழுந்ததும் திரும்பி வந்தால் வரிசை நீண்டிருந்தது. ஒரு சிலிக்கான் செதில் தொழிற்சாலைக்குள் நுழைந்து சிப்பாக வெளியே வர மூன்று, நான்கு மாதம் ஆகும். காருக்கு வேண்டியது பெரும்பாலும் பழைய தலைமுறைச் சிப், லாபம் குறைவு, அதற்காகப் புதுத் தொழிற்சாலை கட்ட ஆளில்லை. ஒரு சின்னச் சிப் இல்லாமல் முழுக் காரும் நின்றது. 2022 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவின் சிப் சட்டம், 5,270 கோடி டாலர், வந்த பின்னணி இது. ஆனால் சீனாவுக்கு எதிரான சிப் தடைகளைப் பெருந்தொற்றின் கணக்கில் எழுதாதீர்கள். சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவே அமெரிக்காவின் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தது 2019 மே.

சரக்குக் கட்டணம்: 40 அடி கன்டெய்னருக்கு ட்ரூரி (கப்பல் துறை ஆலோசனை நிறுவனம்) குறியீடு 2019 சராசரி 1,420 டாலர், 2021 செப்டம்பரில் 10,000க்கு மேல். கப்பல் குறைந்ததால் இல்லை. காலிக் கன்டெய்னர்கள் தவறான துறைமுகங்களில் தேங்கின, லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் வாசலில் 100க்கு மேல் கப்பல்கள் காத்துக் கிடந்தன. காத்திருக்கும் கப்பல் கணக்கில் உண்டு, பயன்பாட்டில் இல்லை.

---

பழுப்பேடு:

கறுப்பு மரணம் பற்றி. 1347–1351இல் ஐரோப்பாவின் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் மாண்டது. நிலம் அப்படியே இருக்க உழைக்கும் கை குறைந்தது, ஆகவே கூலிக்குப் பேரம் பேசும் பலம் வந்தது. இது உண்மை, ஆனால் உடனே நடக்கவில்லை. இங்கிலாந்தில் 1349லேயே கூலியைக் கட்டுப்படுத்தும் ஆணை, 1351இல் சட்டம், நோய்க்கு முந்தைய கூலியைத் தாண்டிக் கேட்கக் கூடாது. விவசாயிகள் கிளர்ச்சி 1381. அதே நோய்க்குப் பிறகு ஜெர்மனியின் எல்ப் ஆற்றுக்குக் கிழக்கே அடுத்த நூற்றாண்டுகளில் பண்ணையடிமை முறை இறுகியது. எகிப்தில் ஆள் இல்லாமல் பாசனக் கால்வாய்கள் தூர்ந்து விளைச்சலே விழுந்தது. ஒரே நோய், மூன்று முடிவுகள். நிலப்பிரபுவுக்கு எவ்வளவு கட்டாயப்படுத்தும் சக்தி இருந்தது, விளைச்சல் எந்தக் கூட்டுப் பராமரிப்பை நம்பியிருந்தது என்பவைதான் வேறுபாடு.

2020க்கு நேராகப் பொருந்தாது. கொரோனா பெரும்பாலும் முதியவர்களைக் கொன்றது. உழைப்புக்கும் நிலத்துக்கும் மூலதனத்துக்கும் உள்ள விகிதம் மாறவில்லை. 1918 காய்ச்சல் 20–40 வயதினரைக் கொன்றது, ஒப்பிட வேண்டுமென்றால் அதை எடுங்கள். 2020இல் பொருளாதாரத்தை மாற்றியது மரணத்தைவிட ஊரடங்கும், அதற்கு ஈடாக அரசுகள் செலவழித்த பணமும், அந்தப் பணம் யாரிடம் இருந்தது என்பதும்.

---

திண்ணைவாசி:

எல்லாருக்கும் நன்றி. ஒரு தொடர் கேள்வி: இலங்கையின் 2022 நெருக்கடியைப் பெருந்தொற்றின் விளைவு என்று குறிப்பில் சேர்க்கலாமா?

---

கடன்சீட்டு:

தனியாக அப்படிச் சேர்த்தால் தவறு. காலவரிசையில் போடுங்கள். 2019 கடைசியில் பெரிய வரிக்குறைப்பு. 2020இல் சுற்றுலா வருமானம் நின்றது. 2021இல் ரசாயன உர இறக்குமதித் தடை. கையிருப்பு கரைந்துகொண்டே இருந்தபோதும் பத்திரத் தவணையைக் கட்டிக்கொண்டே போனார்கள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணை கட்டுவது நிறுத்தம். பெருந்தொற்று தள்ளிவிட்டது உண்மை. விளிம்பில் நின்றது அதற்கு முன்பே.

உங்கள் தலைப்புக்கு இதைவிட முக்கியம், மீட்பு எப்படி நடந்தது என்பது. கடன் கொடுத்த நாடுகள் சலுகைக்கு உறுதி தராமல் நாணய நிதியத்தின் பணம் வராது. 2023 ஜனவரியில் முதல் உறுதி இந்தியாவிடமிருந்து வந்தது, சீனாவின் உறுதி மார்ச்சில். மார்ச் 20 அன்று நிதியம் சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்தது. பிறகு அமைந்த கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமை. சீனா குழுவுக்கு வெளியே நின்று தனியாகப் பேசி முடித்தது.

ஜாம்பியாவில் நேர்மாறு. 2020 நவம்பரில் தவணை தவறியது. அங்கே கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு சீனாவும் பிரான்சும் கூட்டாகத் தலைமை. கடன் கொடுத்த அரசுகளோடு உடன்பாடு 2023 ஜூனில்தான். இரண்டரை ஆண்டுக்கு மேல். பாரிஸ் கிளப் (கடன் கொடுக்கும் பணக்கார நாடுகளின் குழு) பழைய முறையில் முடிவெடுத்த காலம் போய், சீனா பெருமளவு கடன் கொடுத்த நாட்டில் அது கையெழுத்துப் போடாமல் கடன் மறுசீரமைப்பு நகராது என்பது இங்கே உறுதிப்பட்டது. பலம் கைமாறியதற்கு எண்ணோடு காட்டக்கூடிய சான்று கேட்டீர்களே, தவணை தவறிய நாளிலிருந்து உடன்பாடு வரை எத்தனை மாதம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் எண்ணச் சொல்லுங்கள்.

---

எண்கணக்கர்:

ஒரு எச்சரிக்கை, 2020இல் வந்த முன்கணிப்பைக் குறிப்பில் விளைவாக எழுதிவிடாதீர்கள். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் அந்த ஆண்டு 20 சதவீதம் சரியும் என்று ஏப்ரலில் உலக வங்கி சொன்னது. நடந்தது 2 சதவீதத்தை ஒட்டிய சரிவு. சேமிப்பை உடைத்து அனுப்பினார்கள், வேலை செய்த நாடுகளின் உதவித்தொகை அவர்களில் பலருக்கும் எட்டியது. விமானம் நின்றதால் கையில் எடுத்துப் போன பணம் வங்கி வழியாக வந்து கணக்கில் ஏறியது. கடைசிக் காரணத்தால் சரிவின் ஒரு பகுதி கணக்கில் மறைந்தும் இருக்கலாம்.

---

துறைமுகம்:

அடுத்த நோய்க்கு விதி மாறியதா என்று மாணவர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். 2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றது. அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் அறிவிப்பைக் கொடுத்துவிட்டதால் அதில் பங்கேற்கவில்லை. வகுப்பில் 12ஆம் பிரிவைப் படிக்க வையுங்கள். நோய்க்கிருமி மாதிரிகளைப் பகிரும் நாடுகளுக்கு ஈடாக, பங்கேற்கும் உற்பத்தியாளர்கள் பெருந்தொற்று நேரத் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவி உற்பத்தியில் 20 சதவீதம் என்ற இலக்கோடு உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், குறைந்தது 10 சதவீதம் நன்கொடையாக. அதன் நடைமுறை தனி இணைப்பில். ஒப்பந்தம் ஏற்கப்பட்ட நாளில் அந்த இணைப்பு எழுதப்படவில்லை. அது முடிந்த பிறகே ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்கும், 60 நாடுகள் உறுதிப்படுத்தினால்தான் நடப்புக்கு வரும். இணைப்பின் வாசகத்தில் "நிகழ்நேர உற்பத்தி" என்ற சொல்லுக்கு என்ன பொருள் தருகிறார்கள் என்று பாருங்கள். 2021இல் தாமதமாக வந்த டோஸும் எண்ணிக்கையில் டோஸ்தான், போட ஆள் காத்திருந்த மாதங்களில் அது வந்து சேரவில்லை.